வீட்டில் பொருள் சேரும் கணக்கு

ஒரு வீட்டுக்குள் எத்தனை பொருள்கள் இருக்கின்றன என்பதை ஒவ்வொன்றாக எண்ணிப் பார்ப்பவர் அரிது. லாஸ் ஏஞ்சலஸ் நகரில் உள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மானிடவியலாளர்களும் தொல்லியலாளர்களும் 2001 முதல் 2005 வரை அந்த வேலையை மேற்கொண்டனர். பெற்றோர் இருவரும் வேலைக்குச் செல்லும், பள்ளி வயதில் பிள்ளைகள் உள்ள 32 நடுத்தரக் குடும்பங்களைத் தேர்ந்தெடுத்து, அவர்களுடைய வீடுகளை அறை அறையாகப் படமெடுத்து, கண்ணுக்குத் தெரிந்த ஒவ்வொரு பொருளையும் அவர்கள் பட்டியலிட்டனர். முதலில் கணக்கெடுக்கப்பட்ட வீட்டின் இரு படுக்கையறைகளிலும் கூடத்திலும் மட்டும் 2,260 பொருள்கள் இருந்தன. பெட்டிகளுக்குள்ளும் இழுப்பறைகளுக்குள்ளும் பிற பொருள்களுக்குப் பின்னாலும் மறைந்திருந்தவை இந்த எண்ணிக்கையில் சேரவில்லை. காரை நிறுத்துவதற்கென்றே கட்டப்பட்ட கொட்டகையில் பொருள்கள் நிரம்பிவிட்டதால், முக்கால்வாசிக் குடும்பங்கள் காரை அங்கே நிறுத்த இடமின்றி இருந்தன.

இத்தகைய குவிதலுக்குச் சோம்பல், பேராசை, ஒழுங்கின்மை முதலியவற்றைக் காரணமாகச் சொல்வது எங்கும் உள்ள வழக்கம். ஆனால் சுறுசுறுப்பானவர்களின் வீடுகளிலும், சிக்கனமாகச் செலவிடுவோரின் வீடுகளிலும் பரண் நிறைந்தே இருப்பதைப் பார்க்கும்போது, இக்குணக் குறைகளைக் கொண்டு மட்டும் இதனை விளக்கிவிட முடியாது என்பது புலனாகும். பொருள்கள் வீட்டுக்குள் வருவதும் வீட்டை விட்டு வெளியேறுவதும் முற்றிலும் வேறுபட்ட இருவகை முடிவுகளைச் சார்ந்தவை. முதல் வகை முடிவு சிந்தனையின்றியே நிகழ்ந்துவிடுகிறது, இரண்டாம் வகை முடிவு மனித மனத்தின் மிக வலிமையான சில தயக்கங்களைக் கடந்தாக வேண்டியிருக்கிறது. எளிய வீட்டைப் பற்றிய அறிவியல், இந்த ஏற்றத்தாழ்வைப் பற்றிய அறிவியலே ஆகும்.

வரத்தும் தங்கலும்

அமெரிக்க அறிஞர் ஜான் லிட்டில் 1961-ஆம் ஆண்டு, வரிசைகளைப் பற்றி ஆராயும் கணிதப் பிரிவில் ஓர் எளிய சமன்பாட்டுக்கு நிறுவல் அளித்தார். அது இன்று லிட்டில் விதி என்று அவர் பெயராலேயே வழங்குகிறது. நீண்டகாலச் சராசரியில், ஓர் அமைப்புக்குள் இருப்பவற்றின் எண்ணிக்கை என்பது, அவை வந்து சேரும் வேகத்தை, ஒவ்வொன்றும் உள்ளே தங்கும் சராசரிக் காலத்தால் பெருக்கக் கிடைப்பதாகும் என்று அவ்விதி கூறுகிறது. மருத்துவமனைக்கு எத்தனை படுக்கைகள் வேண்டும், கிடங்கில் எவ்வளவு சரக்கு தேங்கும் என்பன போன்ற கேள்விகளுக்கு விடை காணப் பயன்படும் இவ்விதி, வீட்டுப் பொருள்களுக்கும் அப்படியே பொருந்தும்.

உண்டோ எரித்தோ தீர்த்துவிடும் பொருள்களை விட்டுவிட்டு, நிலைத்து நிற்கும் பொருள்கள் வாரத்துக்கு 5 வீதம் ஒரு வீட்டுக்குள் வருகின்றன என்றும், ஒவ்வொன்றும் சராசரியாக 8 ஆண்டுகள் தங்குகிறது என்றும் கொண்டால், அவ்வீட்டில் எப்போதும் ஏறத்தாழ 2,080 பொருள்கள் இருக்கும். வாரத்துக்கு 5 என்பது மிகையாகத் தோன்றலாம். ஆனால் கல்யாண வீட்டில் தரும் தாம்பூலப் பை, அதனுள் இருக்கும் பிளாஸ்டிக் கிண்ணம், துணிக்கடையின் கட்டைப்பை, உணவகப் பார்சலோடு வந்த மூடி போட்ட டப்பா, பிள்ளையின் பள்ளியில் கொடுத்த கோப்பை, புதிய கைபேசியோடு வந்த அட்டைப்பெட்டி ஆகியவற்றையும் சேர்த்து எண்ணினால் அந்த அளவு எளிதாக எட்டிவிடும். இவற்றில் பெரும்பாலானவற்றை எவரும் வாங்க முடிவு செய்ததே இல்லை. வேறொரு செயலின் துணை விளைவாக அவை வீட்டுக்குள் நுழைந்துள்ளன.

இச்சமன்பாட்டிலிருந்து இரண்டு முடிவுகள் பெறப்படுகின்றன. வரத்தும் தங்கும் காலமும் மாறாதிருக்க, ஒரு விடுமுறை நாளில் முழு மூச்சாகச் செய்யும் சுத்தம் இருப்பை அப்போதைக்குக் குறைக்குமே அன்றி, சில ஆண்டுகளில் வீடு பழைய எண்ணிக்கையை நோக்கியே திரும்பும் என்பது முதலாவது. வரத்துக்கால் வழியே வண்டல் வந்துகொண்டிருக்கும் ஏரியை ஒருமுறை தூர்வாரினால் மட்டும் அதன் ஆழம் நிலைத்துவிடாது. வெளியேறும் வழியே இல்லாத பொருள்களுக்குத் தங்கும் காலம் எல்லையற்றதாகி விடுவதால் அவற்றின் எண்ணிக்கைக்கு உச்சவரம்பே இராது என்பது இரண்டாவது. வாரத்துக்கு இரண்டே பொருள்கள் வந்து, இரண்டும் என்றென்றைக்கும் தங்கிவிடுமானால், 20 ஆண்டுகளில் 2,080 பொருள்கள் சேர்ந்துவிடும். அதன் பிறகு புதிய பீரோவோ, இன்னொரு பரணோ, பெரிய வீடோ தேவைப்படும்.

வரத்து ஏன் எளிதாகிறது

குறைப்பதைக் காட்டிலும் கூட்டுவதை மனித மனம் முந்திக்கொண்டு நினைக்கிறது என்பதை, அமெரிக்காவின் வர்ஜீனியாப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2021-இல் நேச்சர் இதழில் வெளியிட்ட ஆய்வு காட்டியது. ஒரு மூலையில் ஒற்றைக் கட்டையின் மேல் தள்ளாடி நிற்கும் கூரையைக் கொண்ட லெகோ அமைப்பைக் கொடுத்து, அது பாரத்தைத் தாங்குமாறு சீராக்கும்படி பங்கேற்றோரிடம் கூறப்பட்டது. கூடுதலாகச் சேர்க்கும் ஒவ்வொரு கட்டைக்கும் 10 சென்ட் கட்டணம் உண்டு. அந்த ஒற்றைக் கட்டையை எடுத்துவிட்டால் கூரை செலவின்றியே உறுதியாக அமர்ந்துவிடும். ஆயினும் 41 சதவீதத்தினரே கட்டையை நீக்கினர். கட்டையை நீக்குவதற்குக் கட்டணம் இல்லை என்று ஒரு வரி நினைவூட்டப்பட்டபோது இவ்விகிதம் 61 சதவீதமாக உயர்ந்தது. நீக்கும் வழியை மனம் ஆராய்ந்து ஒதுக்கவில்லை. அவ்வழி பலருக்கு நினைவுக்கே வரவில்லை என்பதே இதன் பொருள். அலமாரி நிறைந்துவிட்டால் அதில் உள்ளதைக் குறைக்க நினைப்பதற்கு முன்பே, அடுக்கி வைக்கப் புதிய பிளாஸ்டிக் கூடை வாங்க நினைப்பது இப்போக்கின் வீட்டு வடிவமாகும்.

ஒரு பொருள் மற்றொரு பொருளை அழைத்து வருவதும் உண்டு. 18-ஆம் நூற்றாண்டின் பிரெஞ்சுச் சிந்தனையாளர் தெனி திதெரோ, தமக்குக் கிடைத்த புதிய செந்நிற மேலங்கியின் அழகுக்கு முன் தம் அறையில் இருந்த பழைய நாற்காலியும் மேசையும் சுவர்த் திரைகளும் பொலிவிழந்து தோன்ற, அவற்றை ஒவ்வொன்றாக மாற்றி முடித்தபோது பணமும் பழைய நிம்மதியும் கரைந்திருந்ததைக் கட்டுரையாக எழுதினார். ஒன்றுக்கொன்று இசைந்த பொருள்களின் தொகுதிக்குள் புதிதாக ஒன்று நுழைந்து முழுத் தொகுதியையும் மாற்றத் தூண்டும் இப்போக்குக்கு, கனடிய மானிடவியலாளர் கிராண்ட் மெக்ராக்கன் 1988-இல் திதெரோ விளைவு என்று பெயரிட்டார். புதிய கிரானைட் மேடைக்குப் பழைய மிக்சி பொருந்தாமல் போவதும், அந்தப் பழைய மிக்சி ஓடும் நிலையில் இருப்பதால் பரணுக்கு ஏறுவதும் இவ்விளைவின் இரு பாதிகள்.

வெளியேற்றம் ஏன் கடினமாகிறது

பொருள் வந்த வழியே திரும்பிச் செல்லாததற்குரிய முதன்மைக் காரணத்தை, டேனியல் கானிமன், ஜாக் நெட்ச், ரிச்சர்ட் தேலர் ஆகிய மூவர் 1990-இல் வெளியிட்ட சோதனைகள் தெளிவாக்கின. ஒரு சோதனையில் மாணவர்கள் மூன்று குழுக்களாகப் பிரிக்கப்பட்டனர். முதற்குழுவினருக்கு ஆளுக்கொரு காபிக் குவளை வழங்கப்பட்டு, அதனை என்ன விலைக்கு விற்பர் எனக் கேட்கப்பட்டது. இரண்டாம் குழுவினரிடம் அதே குவளையை என்ன விலைக்கு வாங்குவர் எனக் கேட்கப்பட்டது. மூன்றாம் குழுவினரிடம், குவளை அல்லது பணம் இவற்றுள் ஒன்று இலவசமாகக் கிடைக்குமானால், எவ்வளவு பணத்துக்குக் குவளையை விட்டுக்கொடுப்பர் எனக் கேட்கப்பட்டது. விற்போர் சொன்ன நடுமதிப்பு 7.12 டாலர், வாங்குவோர் சொன்னது 2.87 டாலர், தேர்ந்தெடுப்போர் சொன்னது 3.12 டாலர். முதற்குழுவும் மூன்றாம் குழுவும் உண்மையில் ஒரே நிலையில் உள்ளவை. இரண்டும் குவளையோடும் வெளியேறலாம், பணத்தோடும் வெளியேறலாம். குவளை சிறிது நேரம் தம் கையில் இருந்தது என்பதைத் தவிர வேறு வேறுபாடில்லாத முதற்குழுவினருக்கு, அதன் மதிப்பு இரண்டு மடங்குக்கும் மேலாகிவிட்டது. உடைமையாவதாலேயே ஒரு பொருளின் மதிப்பு கூடித் தோன்றுவதை உடைமை விளைவு என்பர்.

இதன் அடியில் இருப்பது இழப்பு வெறுப்பு. ஓர் அளவு ஆதாயம் தரும் மகிழ்ச்சியைக் காட்டிலும் அதே அளவு இழப்பு தரும் வருத்தம் கூடுதலானது என்று கானிமனும் ஏமோஸ் ட்வெர்ஸ்கியும் 1979-இல் விளக்கியிருந்தனர். ஆனால் இது எல்லா மனிதருக்கும் ஒரே அளவில் அமைந்ததன்று. தான்சானியாவில் வேட்டையாடியும் கிழங்கும் தேனும் திரட்டியும் வாழும் ஹட்சா மக்களிடம் நடத்தப்பட்டு 2014-இல் வெளியான ஆய்வில், கையில் தரப்பட்ட பிஸ்கட் பொட்டலத்தையோ நெருப்பு மூட்டியையோ அதற்கு நிகரான வேறொன்றுக்கு மாற்றிக்கொள்ள விருப்பமா எனக் கேட்டபோது, சந்தைத் தொடர்பு குறைந்த குடியிருப்புகளில் ஏறத்தாழப் பாதிப்பேர் மாற்றிக்கொண்டனர்; சுற்றுலாப் பயணிகளோடு வணிகம் செய்யும் குடியிருப்புகளிலோ கால்வாசிப்பேரே மாற்றிக்கொண்டனர். கிடைத்ததைப் பகிர்ந்துகொள்ளும் வாழ்க்கையில் வலுவற்றிருக்கும் பற்று, வாங்கி விற்கும் வாழ்க்கையில் வலுப்பெறுகிறது என்று இதிலிருந்து கருத இடமுண்டு.

உடைமை விளைவோடு வேறு இரண்டு தயக்கங்களும் சேர்கின்றன. திரும்பப் பெற முடியாத செலவை எண்ணி, பயன் தராத ஒன்றைத் தொடர்ந்து வைத்திருப்பது அவற்றுள் ஒன்று. மூவாயிரம் ரூபாய்க்கு எடுத்து, ஒருமுறை கட்டி, கழுத்தை உறுத்தியதால் மடித்து வைத்த பட்டுச்சேலையை வெளியேற்றும்போதுதான் அந்த மூவாயிரமும் இழப்பாகக் கணக்கில் ஏறுகிறது, பீரோவுக்குள் இருக்கும்வரை அது இழப்பாகத் தெரிவதில்லை. என்றாவது உதவும் என்ற நினைப்பு மற்றொன்று. பெரும்பாலான வீடுகளில் காணப்படும் பழைய சார்ஜர்ப் பெட்டி இதற்குத் தக்க சான்று: மெல்லிய வட்ட முனை கொண்ட பழைய கைபேசிச் சார்ஜர், எந்தச் சாதனத்துக்கு உரியது என அறிய முடியாத கறுப்பு அடாப்டர், ஒரு காது கேட்காத இயர்போன், நுனி கிழிந்த யூஎஸ்பி ஒயர் ஆகியவை ரப்பர் வளையம் சுற்றி அதில் கிடக்கும். ஒவ்வொன்றும் தனித்தனியே உதவும் வாய்ப்பு மிகக் குறைவு. ஆயினும் ஏதேனும் ஒன்று ஒருமுறை உதவிவிட்டால், அந்த நிகழ்வு நினைவில் ஆழப் பதிந்து, எஞ்சிய அனைத்தையும் காப்பாற்றிவிடுகிறது. அதற்கு மாறாக, தேடிக் கிடைக்காமல் இரண்டாம் முறை வாங்கிய ஸ்குரூடிரைவர் குவியலின் செலவாக எவர் நினைவிலும் பதிவதில்லை.

குவியலின் விலை

குவிந்த பொருள்கள் இடத்தை மட்டும் எடுத்துக்கொள்வதில்லை. கண் முன் உள்ள பல பொருள்கள் மூளையின் பார்வைப் புறணியில் ஒன்றோடொன்று போட்டியிட்டு, ஒன்றின் பதிவை மற்றொன்று மங்கச் செய்கின்றன. வேண்டிய ஒன்றின்மேல் கவனத்தை நிறுத்த மூளை மற்றவற்றை அடக்கியாக வேண்டும். பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தின் ஸ்டெஃபனி மெக்மெயின்ஸ், சபீன் காஸ்ட்னர் ஆகியோர் 2011-இல் வெளியிட்ட மூளைப் பட ஆய்வு, காட்சி தானாகவே ஒழுங்குபட்டிருக்கும்போது இப்போட்டி தணிந்து, கவனம் செய்ய வேண்டிய வேலையும் குறைவதைக் காட்டியது. ஆய்வகத்தில் காட்டப்பட்ட எளிய உருவங்களைக் கொண்டு பெற்ற முடிவு இது என்பதால், நெரிசலான சமையலறைக்கு இதனை நீட்டும்போது எச்சரிக்கை தேவை.

லாஸ் ஏஞ்சலஸ் குடும்பங்களிடமே 2010-இல் வெளியான மற்றோர் ஆய்வு நடந்தது. கார்ட்டிசால் எனும் ஹார்மோன் இயல்பாகக் காலையில் மிகுந்து இரவுக்குள் படிப்படியாகக் குறையும். இடைவிடாத மன அழுத்தத்தில் இச்சரிவு தட்டையாகிவிடும். தம் வீட்டைச் சுற்றிக் காட்டும்போது நெரிசல், முடியாத வேலை எனப் பொருள்படும் சொற்களை மிகுதியாகப் பயன்படுத்திய மனைவியரிடம் தட்டையான சரிவு காணப்பட்டது. கணவரிடம் இத்தொடர்பு புலப்படவில்லை. வீட்டைச் சீராக்கும் பொறுப்பு யாருடையதாகக் கருதப்படுகிறது என்பதோடு இவ்வேறுபாட்டை இணைத்துப் பார்க்கலாம். எனினும், குவியல் அழுத்தத்தை உண்டாக்குகிறதா, அழுத்தத்தில் இருப்பவரின் வீட்டில் குவியல் மிகுகிறதா என்பதை இத்தகைய ஆய்வு தீர்த்துச் சொல்லாது.

உடல்நலத்தைப் பொறுத்தவரை சான்றுகள் இன்னும் நேரடியானவை. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு, மொட்டை மாடியில் போட்டு வைத்த உடைந்த வாளி, பழைய டயர், காலிப் பூந்தொட்டி ஆகியவற்றின் உட்சுவரில் நீர்மட்டத்தை ஒட்டி முட்டையிடுகிறது. அம்முட்டைகள் ஈரமின்றிப் பல மாதங்கள் உயிரோடிருந்து, மழை நீர் பட்டதும் பொரித்து, வெப்பமான பகுதிகளில் ஏறத்தாழ 10 நாள்களுக்குள் கொசுவாகிவிடும். மெத்தை, பழந்துணி மூட்டை, பஞ்சு பொம்மை ஆகியவற்றில் வாழும் தூசிச் சிலந்திப்பேன் நீர் அருந்துவதில்லை. காற்றின் ஈரப்பதத்தையே உடலுக்குள் இழுத்துக்கொள்ளும் அவ்வுயிர், ஒப்பு ஈரப்பதம் 50 சதவீதத்துக்குக் கீழே நீடித்தால் தாக்குப்பிடிக்காது. கடலோர ஊர்களின் காற்று பெரும்பாலும் அந்த அளவுக்கு உலர்வதில்லை என்பதால், அங்கே துணிக் குவியலைக் குறைப்பது ஆஸ்துமா உள்ளோருக்குக் கூடுதல் பயன் தரும்.

இயல்பும் நோயும்

பொருள் சேர்வது எல்லா வீடுகளுக்கும் பொது. ஆனால் அடுப்பருகே சமைக்க இயலாமலும் கட்டிலில் படுக்க இயலாமலும் அறைகள் தம் பயனையே இழக்குமளவு பொருள்கள் நிறைந்து, எதையும் கழிக்க நினைத்தாலே கடும் வேதனை தோன்றுமானால், அது பதுக்கல் கோளாறு எனும் மனநலச் சிக்கலாகும். அமெரிக்க உளமருத்துவச் சங்கம் 2013-இல் வெளியிட்ட நோயறி கையேட்டில் இது தனி நோயாக இடம்பெற்றது. வளர்ந்தோரில் 100 பேருக்கு இரண்டு மூன்று பேர் என்ற அளவில் இது காணப்படுகிறது. டேவிட் டோலின் குழுவினர் 2012-இல் வெளியிட்ட ஆய்வில், இக்கோளாறு உள்ளோரின் மூளையில் முன்பக்க சிங்குலேட் புறணியும் இன்சுலாவும், பிறருடைய காகிதங்களைக் கிழிப்பதா வேண்டாமா என முடிவெடுக்கையில் குறைவாகவும், தம் காகிதங்களைப் பற்றி முடிவெடுக்கையில் மிகையாகவும் இயங்கின. எது முக்கியம் என்பதைக் குறிக்கும் இப்பகுதிகள் இவ்வாறு பிறழ்ந்து இயங்குவோரிடம் அறிவுரை பயன் தராது; அவர்கள் இல்லாத நேரத்தில் வீட்டை ஒழித்துப் போடுவது நம்பிக்கையைக் குலைத்து நிலையை மோசமாக்கும். அறிவு நடத்தைச் சிகிச்சை எனும் உரையாடல் வழிச் சிகிச்சையே இதற்கு முதன்மையாகப் பரிந்துரைக்கப்படுகிறது.

முடிவை எளிதாக்குதல்

மேற்கண்டவற்றை நோக்க, எளிய வீட்டை அடைவதற்கு மன உறுதியைக் காட்டிலும் முடிவெடுக்கும் சூழலை மாற்றுவதே ஏற்ற வழி என்பது தெளிவாகும். ஜப்பானியரான மரி கோண்டோ 2010-களில் பரப்பிய முறை, வீட்டில் எங்கெங்கோ உள்ள உடைகள் அனைத்தையும் ஒரே இடத்தில் குவித்து, ஒவ்வொன்றையும் கையில் எடுத்து, அது மகிழ்ச்சி தருகிறதா எனக் கேட்கச் சொல்கிறது. இதில் ஆன்மிகச் சாயல் இருப்பினும் இரண்டு அறிவியல் நன்மைகள் உண்டு: எண்ணிக்கை முதன்முறையாகக் கண்ணுக்குத் தெரிகிறது, ‘இதை ஏன் கழிக்க வேண்டும்’ என்ற கேள்வி ‘இதை ஏன் வைத்திருக்க வேண்டும்’ என்பதாகப் புரண்டு, நியாயம் சொல்ல வேண்டிய பொறுப்பு வைத்திருப்பதன்மேல் விழுகிறது. குவளைச் சோதனையில் விற்பவரின் இடத்திலிருந்து தேர்ந்தெடுப்பவரின் இடத்துக்கு நகர்வது இதுவே. ‘இது கடையில் இருந்தால் இன்று என்ன விலைக்கு வாங்கத் தோன்றும்’ என்று கேட்டுக்கொள்வதும் அதே நகர்வைச் செய்யும்.

நினைவுக்காக வைத்திருக்கும் பொருள்களுக்கு வேறு வழி தேவை. அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழக விடுதிகளில் நடத்தப்பட்டு 2017-இல் வெளியான ஆய்வில், நினைவுப் பொருளைக் கொடுத்துவிடும் முன் அதனைப் படமெடுத்து வைத்துக்கொள்ளுமாறு சுவரொட்டி கூறிய விடுதிகளில், வெறுமனே நன்கொடை கேட்ட விடுதிகளைவிட ஏறத்தாழ 15 சதவீதம் கூடுதலான பொருள்கள் கொடுக்கப்பட்டன. கைவிட முடியாதது பொருளன்று, அதனோடு ஒட்டியிருக்கும் தன்வரலாறே என்பதை இது காட்டுகிறது. ஐயத்துக்குரிய பொருள்களை ஒரு பெட்டியில் இட்டு, மேலே தேதி எழுதி, ஓராண்டு திறக்கப்படாவிட்டால் கொடுத்துவிடுவது என முன்கூட்டியே முடிவு செய்வது, இழப்பைப் பற்றிய முடிவை இன்றைய அச்சத்திடமிருந்து ஓராண்டுச் சான்றிடம் ஒப்படைக்கிறது.

வெளியேறும் வழிகள் அருகில் இருப்பதும் தங்கும் காலத்தைக் குறைக்கும். பழைய பேப்பர்க்காரர், காயலான் கடை, பழந்துணிக்குப் பாத்திரம் தருபவர் எனத் தமிழ்நாட்டுத் தெருக்களில் இத்தகைய வழிகள் நெடுங்காலமாக இருந்து வருகின்றன. ஈயப் பாத்திரத்துக்கும் பித்தளைக் குடத்துக்கும் எடைக்குக் காசு கிடைத்ததால், அங்கே இழப்பு என்ற உணர்வுக்கே இடம் குறைவு. செயற்கை இழைத் துணியும், பலவகைப் பொருள்கள் கலந்து வார்த்த பிளாஸ்டிக்கும், பழுதான மின்சாதனமும் இவ்வழிகளில் எளிதில் போவதில்லை. போகியன்று அவற்றை எரிப்பது வீட்டுக் குவியலைக் காற்றில் நச்சாக மாற்றுவதாகவே முடிகிறது. மின்கழிவைப் பொறுத்தவரை, 2023 ஏப்ரல் முதல் நடப்பில் உள்ள இந்திய விதிகள் மறுசுழற்சிப் பொறுப்பை உற்பத்தியாளர்மேல் சுமத்தியுள்ளன. ஆயினும் பொருளை அங்கீகரிக்கப்பட்ட சேகரிப்பிடத்துக்குக் கொண்டு சேர்க்கும் கடைசி அடி இன்னும் வீட்டாரிடமே உள்ளது.

குறைந்த பொருளோடு வாழ்வது எல்லோருக்கும் ஒரே விலையில் கிடைப்பதில்லை என்பதையும் கருத்தில் கொள்ள வேண்டும். வேண்டும்போது மீண்டும் வாங்க இயன்றவர், உதவக்கூடியதைத் துணிந்து கழிக்கலாம். வருமானம் உறுதியற்ற வீட்டில் பழைய சைக்கிள் டியூபும் கம்பித் துண்டும் காலி டப்பாவும் உண்மையான சேமிப்பு. அத்தகைய வீட்டுக்குக் கழித்தலை அறமாகப் போதிப்பது பொருந்தாது. மாறாக, வரத்தைக் குறைத்தல் எவருக்கும் செலவு வைப்பதில்லை. விழாவில் நீட்டப்படும் பிளாஸ்டிக் கிண்ணத்தை அன்போடு மறுப்பது, இலவசமாக வரும் ஒன்றுக்கும் எட்டாண்டுத் தங்கல் உண்டு என்பதை நினைவில் கொள்வது, புதிதாக ஒன்றை வாங்கும்போதே அது எந்த வழியில் வெளியேறும் எனக் கேட்டுக்கொள்வது ஆகியவற்றை எந்த வருமானத்தினரும் செய்யலாம். எளிய வீடு என்பது வெறுமையான வீடு அன்று. உள்ளே வரும் ஒவ்வொரு பொருளுக்கும் வேலையும் இடமும் வெளியேறும் வழியும் முன்பே தெரிந்திருக்கும் வீடு.